நீலப் பளிங்கை இழையில் தொங்கவிட்டவர்

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் என்னும் பெயரை நம் மாணவரிடையே சொன்னால், அறிந்தோர் சிலர் ஒரே தொடரில் விடை சொல்லி அமைவர். இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது இராமனுடன் நின்று உழைத்தவர் என்பது அத்தொடர். அதனினும் சற்று மிகுதியாக அறிந்தோர் ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொள்வர். நோபல் பரிசிற் பங்கு கிட்டாதவர் என்பது அப்பெருமூச்சின் பொருள். இரண்டும் மெய்யே. ஆயினும் இரண்டும் அவருடைய முப்பதாவது வயதை ஒட்டி நடந்து முடிந்தவை. அதன்பின் அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டு வாழ்ந்தார், அளந்தார், எழுதினார், கற்பித்தார். அந்த முப்பது ஆண்டில் அவர் தாமே தெரிந்தெடுத்துக்கொண்ட வேலை யாது என்பதைப்பற்றி நம்மவர் பேசக் கேட்டதில்லை. நான் விஞ்ஞானம் பயின்றவன் அல்லன். இலக்கணம் கற்பித்துக் காலங்கழிப்பவன். ஆனாலும் அவ்வேலையின் ஒரு பகுதி, மருந்துக்கடைகளில் மயில்துத்தம் என்று நாம் கேட்டு வாங்கும் அந்த நீலக்கல்லைப் பற்றியது. இலக்கணக்காரனுக்கும் அதில் இரசிக்க இடமுண்டு. ஆகவே அக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே அவர் வாழ்க்கையைச் சொல்லத் துணிகின்றேன்.

வத்திராயிருப்பு என்பது மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ள ஊர். 1898ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் நாள் கிருஷ்ணன் அங்கே பிறந்தார். தந்தையார் உழவர், தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த புலவருமாவார். ஏரும் ஏடும் ஒரே வீட்டில் இருந்தன. பிற்காலத்தில் உலகம் சுற்றிய விஞ்ஞானியாக அவர் விளங்கியபோதும் இலக்கிய இன்பத்தை அவர் கைவிடவில்லை என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கின்றார்கள். அந்தப் பழக்கத்தின் வேர் இந்த வீட்டில் இருந்தது.

ஊர்ப் பள்ளியிலும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியிலும் அவர் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஒருவரைப் பற்றி அவரே பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கின்றார். அவ்வாசிரியர் விஞ்ஞானத்திற் பெரிய பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் எதையும் விளங்கச் சொல்லும் ஆற்றல் அவரிடம் இருந்தது. ஆக்கிமிடீசு கண்ட மிதப்பு விதியை அவர் விளக்கக் கேட்ட சிறுவன் கிருஷ்ணன், வீட்டுக்குச் சென்று, பொருள்களின் அடர்த்தியை அளப்பதற்குத் தானாகவே ஒரு கருவி செய்தான். பட்டம் வேறு, விளக்கம் வேறு என்பதை உள்ளூர அறிந்தும் வெளியிற் சொல்லத் தயங்கும் நம் கல்வித் திணைக்களங்கள் இச்செய்தியை ஒருமுறை வாசிப்பது நல்லது. அந்தச் சிறுவன் செய்த கருவியின் இயல்பையும் ஈண்டுக் குறித்துவைக்க வேண்டும். பொருளை உடைக்காமல், கரைக்காமல், அதனைத் தொங்கவிட்டும் அமிழ்த்தியும் அதன் உள்ளியல்பை அறிவது ஆக்கிமிடீசின் வழி. பெரியவரான பின்னும் கிருஷ்ணன் அவ்வழியைவிட்டு நெடுந்தூரம் விலகிப் போகவில்லை.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் கற்றபின், கிறித்தவக் கல்லூரியிலேயே இரசாயனப் பகுதியிற் செய்முறை காட்டுநராக அமர்ந்தார். நண்பகல் உணவு இடைவேளையில் யார் வேண்டுமாயினும் வந்து பௌதிகத்திலோ இரசாயனத்திலோ கணிதத்திலோ தம் ஐயத்தைக் கேட்கலாம் என்று ஒரு வழக்கத்தை அங்கே ஏற்படுத்தினார். நாளடைவில் அயற் கல்லூரி மாணவரும் வந்து கூடத் தொடங்கினர் என்பர். சம்பளப் பட்டியலில் இல்லாத அவ்வேலையை எண்ணும்போது எனக்கு அவர்மேல் மதிப்பு மிகுகின்றது.

1920இல் கல்கத்தா சென்றார். 1923இல் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில், இராமனின் மாணவராகச் சேர்ந்தார். 1928ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, திரவங்களினூடு ஒளியைச் செலுத்திச் சிதறிவரும் ஒளியின் நிறத்தை ஆராயும் வேலை அங்கே விரைந்து நடந்தது. அதுவரை ஏட்டுக் கணக்கில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை மீண்டும் செய்முறை மேசைக்கு அழைத்தவர் இராமனே. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் ஆங்கில நாட்டு நேச்சர் இதழில் அச்சாகிய முதற் கடிதத்தில் இருவர் பெயரும் உண்டு. 1930இல் பரிசு இராமனுக்கு மட்டும் வந்தது. இதன் நியாய அநியாயத்தைப் பேசப் பலர் இருக்கின்றனர். நான் அதிற் புகப்போவதில்லை. பரிசு அறிவிக்கப்படுவதற்கு இரண்டாண்டு முன்னரே கிருஷ்ணன் கல்கத்தாவை விட்டு வேறிடம் சென்று வேறொன்றைத் தொடங்கிவிட்டார் என்ற உண்மையே எனக்கு முதன்மையாகத் தோன்றுகின்றது.

1928 டிசெம்பரில் அவர் சென்ற இடம் டாக்காப் பல்கலைக்கழகம். அங்கே பௌதிகப் பகுதியின் தலைவராக இருந்தவர் சத்தியேந்திரநாத போசு. கிருஷ்ணன் அங்கே ரீடர் என்னும் பதவியில் அமர்ந்தார். ஒளியை விட்டுக் காந்தத்தைப் பற்றினார். கேள்வி இதுதான். ஒரு பளிங்கு எல்லாத் திசையிலும் ஒரே அளவாகக் காந்தத்துக்கு இணங்குவதில்லை. ஒரு திசையில் மிகுதியாகவும் மற்றொரு திசையிற் குறைவாகவும் இணங்குகின்றது. அந்த வேற்றுமையை நுட்பமாக அளந்துவிட்டால், உள்ளே மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அமர்ந்திருக்கின்றன என்பதை வெளியிலிருந்தே சொல்லிவிடலாமன்றோ?

அவர் கண்ட முறை எளிமையானது, ஆதலால் வியப்பானது. படிகக்கல்லை உருக்கி இழுத்த மயிரினும் மெல்லிய இழை ஒன்று. அதன் மேல்முனை, பாகை குறித்த திருகுவட்டம் ஒன்றிற் பொருத்தப்பட்டிருக்கும். கீழ்முனையிலே சிறு பளிங்கு தொங்கும். இருமருங்கும் காந்தத்தின் முனைகள். பளிங்கு தனக்கு இசைவான திசையைக் காந்தப் புலத்தின் வழியே திருப்பிக்கொண்டு அசையாது நிற்கும். இப்போது மேலே உள்ள வட்டத்தை மெல்லத் திருக வேண்டும். இழை முறுகும், பளிங்கோ தன் நிலையை எளிதில் விடாது. இன்னும் திருக, இன்னும் முறுக, பளிங்கு சிறிது சிறிதாக விலகி ஏறத்தாழ 45 பாகையை எட்டும். அதற்குமேல் அதனால் தாங்கமுடியாது, சட்டென்று புரண்டுவிடும். அது புரண்ட கணத்தில் இழை எவ்வளவு முறுகியிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டால், பளிங்கின் இரு திசைகளுக்கும் உள்ள காந்த வேற்றுமை கணக்கில் வந்துவிடும். பளிங்குக்கு ஊறு ஒன்றும் இல்லை. பானர்ஜி முதலிய இளைஞரோடு சேர்ந்து அவர் இம்முறையை வளர்த்தார். இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் அவ்வரிசையின் முதற் கட்டுரை 1933இல் வெளிவந்தது. நூல் என்ற சொல்லுக்கு இழை என்றும் ஏடு என்றும் இருபொருள் கண்ட தமிழுக்கு இவருடைய வாழ்க்கை பொருத்தமாகவே அமைந்தது.

அதே 1933இல் மகேந்திரலால் சர்க்கார் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை ஏற்று அவர் கல்கத்தாவுக்குத் திரும்பினார். மயில்துத்தம் அவர் இழையில் ஏறியது இக்காலத்திலேதான். அதைச் சொல்லுமுன் அக்கல்லைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும்.

சித்த வைத்திய நூலார் துருசு என்றும் வழங்குவர். எங்கள் நாட்டுப் பாடநூல்கள் செப்புச் சல்பேற்று என்னும். வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு அண்மையில் வாழும் நண்பர் ஒருவர் இரசாயனம் கற்பிப்பவர். அவர் ஒருநாள் மாலை ஒரு சொல் வேண்டி என்னிடம் வந்தார். உலர்ந்த காற்றில் வைத்த பளிங்கு தானாகவே நீரை இழந்து மேற்பரப்பு வெளிறிப் பொடிந்துபோகின்றதே, அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பது அவர் வினா. பூத்தல் என்றேன். சுவரில் உப்புப் பூக்கின்றது. தணலில் நீறு பூக்கின்றது. பளிங்கும் அவ்வாறே பூக்கட்டும் என்றேன். மேல்நாட்டாரும் மலர்தல் என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர் என்று அவர் மகிழ்ந்தார். மறுவாரம் தம் ஆய்வுகூடத்துக்கு அழைத்து, அதைக் கண்ணாரக் காட்டினார்.

ஒரு கண்ணாடிக் குழாயில் நீலப் பளிங்குத் துண்டுகள். விளக்கின்மேற் பிடித்தார். நீலம் வெளுத்தது; குழாயின் வாயருகே நீர்த்துளிகள் அரும்பின. கடைசியில் அடியிலே கிடந்தது வெண்பொடி. ஆறவிட்டு இரண்டு துளி நீர் வார்த்தார். பொடி சுட்டது, நீலம் ஓடிவந்து நிறைந்தது. வெண்பொடியை மூடாது வைத்தாலும் போதுமாம். வெள்ளவத்தைக் கடற்காற்றே அதனை நாளடைவில் நீலமாக்கிவிடும். யன்னற் கம்பியைத் தின்னுகின்ற அக்காற்றுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

கணக்கு வருமாறு. செம்பு ஒன்று, சல்பேற்று ஒன்று, நீர் மூலக்கூறு ஐந்து என்பது நீலப் பளிங்கின் அளவு. எடையில் 100க்கு 36 பங்கு நீரே. கையில் எடுத்தால் ஈரம் தெரியாத கல்லில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீர் என்றால் யார் நம்புவர்? சூடேற்றினால் ஐந்து நீரும் ஒன்றாகப் போவதில்லை. ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் இரண்டும், 109 பாகையளவில் மேலும் இரண்டும், 200 பாகையளவில் எஞ்சிய ஒன்றும் பிரிகின்றன. சூடேற்றாமலே காற்றின் ஈரப்பதனைக் குறைத்தும் இவற்றிற் சிலவற்றைப் பிரிக்கலாம். 25 பாகை வெப்பத்திலே, காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே சென்றால் முதலிரு நீரும் நிலைகொள்ளா. கொழும்பிலே ஈரப்பதன் பெரும்பாலும் 100க்கு 70க்கு மேலே நிற்பதால் இங்கே நீலக்கல் நீலக்கல்லாகவே கிடக்கின்றது. டில்லியின் வைகாசிக் காற்றில் அது பூக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. நிறம் மீள்கின்றது, பளிங்கு மீள்வதில்லை. முகங்கள் தீட்டிய அந்த முழுக்கல், நீர் போனபோதே பொடியாகிவிட்டது. மீண்டும் நீர் புகுந்தாலும் நீலப்பொடியாகவே இருக்கும். நீர் அங்கே நனைந்து ஒட்டியிருந்த ஈரம் அன்று. கட்டடத்தின் உறுப்பாகவே இருந்தது என்பதை இதனால் ஊகிக்கலாம். ஆனால் உறுப்பு எங்கே, எத்திசையில்?

எனக்கு இவ்விடத்தில் புணரியல் நினைவுக்கு வந்தது. நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் சொல்வோம். பூவும் கொடியும் சேரப் பூங்கொடியாகி இடையில் ஓரெழுத்துத் தோன்றும். பொன்னும் குடமும் பொற்குடமாகித் திரியும். மரமும் வேரும் மரவேராகி ஓரெழுத்துக் கெடும். மாணவன் பிரித்து எழுதும்போது பழைய வடிவங்கள் அப்படியே மீண்டுவிடும். நீர் புகுதல் தோன்றல், நீங்குதல் கெடுதல், அதனால் எஞ்சியவை தம்முள் இடம் மாறி அமைதல் திரிதல். என் நண்பர் இவ்வொப்புமையைக் கேட்டுவிட்டு, பளிங்கு வைத்திருக்கும் விகாரம் உங்கள் இலக்கண நூலில் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதலாகும் என்று நகைத்தார். இருக்கட்டும்.

1934இல் பீவேர்சு, லிப்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் எக்ஸ் கதிர் கொண்டு மயில்துத்தப் பளிங்கின் உள்ளமைப்பைக் கண்டறிந்தனர். ஒவ்வொரு செம்பையும் சுற்றி நான்கு நீர் ஏறத்தாழச் சதுரமாக நிற்கின்றன. சதுரத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாக, சற்று எட்ட, சல்பேற்றின் ஒட்சிசன் இரண்டு. ஆக எண்முகி ஒன்று. ஆனால் ஓரச்சில் நீண்ட எண்முகி. சல்பேற்று ஒரு கையால் ஒரு செம்பையும் மறு கையால் அடுத்த செம்பையும் பற்றுவதால் இவை சங்கிலியாகத் தொடர்கின்றன. ஐந்தாவது நீர் எந்தச் செம்பையும் தொடுவதில்லை. சங்கிலிகளுக்கு இடையில் நின்று, ஐதரசன் பிணைப்பால் அவற்றைச் சேர்த்துவைக்கின்றது. உயிரும் உயிரும் சேருமிடத்தில் நாம் வைக்கும் உடம்படுமெய் போன்றது அது. நீரானது தன் இலத்திரன் இணையைச் செம்புக்கு ஈவதால் உண்டாகும் பிணைப்பை ஈதற்பிணைப்பு என்று எங்கள் கலைச்சொல்லாளர் மொழிபெயர்த்திருப்பது மிக நேர்த்தி. ஈபவன் நீர், ஏற்பவன் செம்பு.

எக்ஸ் கதிர் காட்டிய இப்படம் மெய்தானா என்பதைக் காந்தத்திடம் கேட்கக் கிருஷ்ணன் எண்ணினார். முக்கர்ஜி என்னும் தம் மாணவரோடு சேர்ந்து நீலப் பளிங்கை இழையிலே தொங்கவிட்டார். செம்பு அயனில் இணையில்லா இலத்திரன் ஒன்றுண்டு. காந்தத்துக்கு இணங்குவது அதுவே. சுற்றி நிற்கும் நான்கு நீரும் இரண்டு சல்பேற்று ஒட்சிசனும் அதனை எப்படி நெருக்குகின்றனவோ அப்படியே அதன் இணக்கம் திசைக்குத் திசை மாறும். எண்முகியின் நெட்டச்சு வழியே மிகுதி. சதுரத்தின் தளத்திலே குறைவு.

கிடைத்த விடை முதற்பார்வைக்குப் புதிரானது. மயில்துத்தப் பளிங்கு வடிவத்தால் ஒழுங்கிற் கடைநிலையிலுள்ள முச்சரிவு இனத்தைச் சேர்ந்தது. எந்த முகமும் எந்த முகத்துக்கும் நேரில்லை. அத்தகைய பளிங்கு காந்தத்தில் மட்டும் ஓரச்சுடைய பளிங்குபோல ஒழுங்காக நடந்தது. காரணம் உள்ளே இருந்தது. பளிங்கின் மிகச்சிறு கூற்றிலே செம்பு அயன்கள் இரண்டு. அவற்றைச் சூழ்ந்த எண்முகிகளின் நெட்டச்சுகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் செங்குத்தாகக் கிடக்கின்றன. ஒன்றின் மிகுதி மற்றொன்றின் குறைவை நிரப்ப, இரண்டும் கூடிய தளத்தில் எத்திசையும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றது. அத்தளத்துக்குக் குறுக்கான திசை மட்டும் தனித்துத் தெரிகின்றது. இழையின் முறுக்கைக் கொண்டு கிருஷ்ணன் உய்த்துணர்ந்த இந்த அமைப்பு, எக்ஸ் கதிர் காட்டிய நீரின் இருப்பிடங்களோடு பொருந்தியது. அமெரிக்கப் பௌதிக ஏட்டில் 1936இலும் 1938இலும் இவை வெளியாயின. வெளியே நின்று ஒரு கல்லை மெல்லத் திருகிப் பார்த்து, உள்ளே நீர் நிற்கும் ஒழுங்கைச் சொன்ன இந்த வேலை, இராமனோடு செய்த வேலையிற் சிறிதும் தாழ்ந்ததன்று என்பது என் துணிபு. ஆரவாரம் குறைவு; அவ்வளவே.

காலத்தால் சற்று முன்னே சென்று, இந்நெறி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகின்றேன். 1951இல் குகா என்ற வங்காள ஆய்வாளர் வேறொரு செப்புப் பளிங்கைக் கடுங்குளிரில் அளந்தார். அது செப்பு அசற்றேற்று; அதிலும் நீருண்டு. குளிரக் குளிர அதன் காந்த இணக்கம் வளர வேண்டும் என்பது பொது விதி. அதுவோ தேய்ந்தது. மறுவருடம் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த பிளீனி, போவேர்சு என்போர், செம்புகள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து தம் காந்தத்தைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன என்று விளக்கினர். 1953இல் எக்ஸ் கதிர் அச்சோடியைக் காட்டியது. இரண்டு செம்பு எதிரெதிரே நிற்க, நான்கு அமிலக் கைகள் அவற்றைச் சுற்றிப் பிணைக்கின்றன. இரு வெளிமுனையிலும் ஒவ்வொரு நீர்.

அந்தச் சோடி பின்னர் ஒரு முடிச்சாயிற்று. செம்பு முதலிய உலோகங்களை முடிச்சாகவும் சேதன மூலக்கூறுகளைக் கயிறாகவும் கொண்டு எல்லையின்றிப் பின்னிச் செல்லும் வலைகளை இணைப்புப் பல்பகுதியங்கள் என்பர். மெல்பேணில் றொப்சன் 1989இல் செம்பு அயன்களைக் கொண்டே வைரம் போன்ற ஒரு வலையைப் பின்னினார். ஹொங்கொங் விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் 1999இல் வெளியிட்ட வலை, மேற்சொன்ன இருசெம்பு முடிச்சையே கொண்டது. அமிலக் கை மூன்றுடைய பென்சீன் வளையங்கள் அதற்குக் கயிறு. முடிச்சின் முனைகளில் அதே நீர். சூடேற்றி நீரை நீக்கினால் பசிய நீலம் கருநீலமாகின்றது. ஈரக்காற்றுப் பட்டால் பழைய நிறம் வருகின்றது. மயில்துத்தத்தில் நடந்ததே இங்கும் நடக்கின்றது. ஆனால் இங்கே கட்டடம் இடிவதில்லை, பளிங்கு பளிங்காகவே நிற்கின்றது. நெடுங்காலம் ஈரத்தில் விட்டுவைத்தால் இதுவும் நலியும் என்பது வேறு. கியோத்தோவிலே கிற்றகாவா என்பவர் வேறொரு வகையைக் காட்டினார். அவர் ஆராய்ந்த வலைகளிற் சில, விருந்தாக வந்த மூலக்கூறு போனால் சுருங்கியும் வந்தால் விரிந்தும் மூச்சுவிடுவனபோல இயங்குகின்றன. செம்பு கோத்த அடுக்குகள் நீர் நீங்க நெருங்கி, ஈரம் வர விலகி, பலமுறை இவ்வாறு போய்மீளும் பளிங்குகளும் இன்று அறியப்பட்டுள்ளன. றொப்சன், கிற்றகாவா, அமெரிக்காவின் யாகி ஆகிய மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது. அச்செய்தியை வாசித்த அன்று எனக்குக் கல்கத்தாவின் இழைதான் நினைவில் நின்றது. செம்பின் பக்கத்தில் நீர் எவ்வாறு நிற்கின்றது என்று கேட்கத் துணிந்த தமிழர் ஒருவர் அங்கே இருந்தார்.

இனி வாழ்க்கைக்கு மீள்வோம். நத்தலீன், அந்திரசீன் முதலிய சேதனப் பளிங்குகளிலும் அவர் இம்முறையை ஏற்றினார். பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929இலேயே பளிங்கிலிருந்து நிறுவியவர் கத்லீன் லோன்ஸ்டேல் என்னும் பெருமாட்டி. அவரும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1936இல் வெளியாயிற்று. 1937இல் கேம்பிரிட்ஜில் றதபோட் பிரபுவின் அழைப்பிலும், இலண்டனில் சேர் வில்லியம் பிராக்கின் அழைப்பிலும் விரிவுரையாற்றினார். 1940இல் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1942இல் அலகாபாத்துப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியர். 1946இல் சேர் பட்டம்.

1947இல் இந்தியா தன் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைத் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக அவரையே அழைத்தது. அவ்வாண்டு சனவரி 4ஆம் நாள் நேரு டில்லியில் அடிக்கல் நாட்டினார். 1950 சனவரி 21ஆம் நாள் பட்டேல் கட்டடத்தைத் திறந்துவைத்தார். 1948இல் அமைந்த அணுசக்திக் குழுவில், பாபா, பட்நாகர் ஆகியோரோடு கிருஷ்ணனும் ஒருவர். கூட்டம், குழு, கோப்பு, பயணம் என்று நாள்கள் சென்றன. இழையிற் பளிங்கு தொங்கவிட்டுக் காத்திருந்த கைக்கு இந்த மாற்றம் தகுந்ததா என்று கேட்பின், நான் ஆம் என்று சொல்லமாட்டேன். புதிய நாடொன்றுக்கு நிறையும் நீளமும் காலமும் செம்மையாக அளக்கும் இடம் ஒன்று வேண்டும்; அதனை அமைக்க அளவையின் அருமை தெரிந்தவர் வேண்டும்; அது மெய். ஆனால் அந்தப் பத்துப்பதினான்கு ஆண்டில் எழுதப்படாது போன கட்டுரைகளின் நட்டத்தையும் அந்த நாட்டின் கணக்கிலேதான் எழுதவேண்டும்.

எனினும் அவர் முற்றாக விட்டுவிடவில்லை. மெல்லிய உலோகக் கம்பியிலே மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெற்றிடத்தில் அதன் வெப்பம் நடுவிலிருந்து முனைவரை எவ்வாறு பரவி நிற்கும் என்பதைத் தம் இளைஞரோடு சேர்ந்து டில்லியில் ஆராய்ந்து எழுதினார். காந்தம் போய் வெப்பம் வந்தது. மெல்லிய இழை மட்டும் அவரை விடவில்லை. 1954இல் பத்மபூஷண் விருது. பட்நாகர் பெயரால் ஏற்பட்ட பரிசை முதலிற் பெற்றவரும் அவரே. பெரிய விஞ்ஞானி என்பதோடு நில்லாது, எல்லாக் குணமும் நிறைந்து கூடிய முழுமனிதர் என்று நேரு அவரை மதித்தார்.

1961 ஜூன் மாதத்திலே, அறுபத்திரண்டு வயதில், டில்லியில் அவர் காலமானார். இறந்த உறுப்பினரின் வாழ்க்கையை விரிவாக எழுதிவைப்பது ரோயல் சங்கத்தாரின் மரபு. கிருஷ்ணனுக்கு அதனை எழுதியவர் இருவர்: 1936இல் அவரோடு கட்டுரை எழுதிய லோன்ஸ்டேல் பெருமாட்டி, அணுசக்திக் குழுவில் உடனிருந்த ஹோமி பாபா. அவ்வாழ்க்கை வரலாறு 1967இல் அச்சாகி வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு சனவரியிலே, அல்ப்சு மலையில் விமானம் மோதிப் பாபாவும் இறந்துபோயிருந்தார்.